வீட்டில் போர்பன் ஒப்பிட்டுச் சுவைப்பது: முதலில் வீரியத்தைச் சமன் செய்யுங்கள்

கரிசல்கதிர் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, நாலைந்து போர்பன் (மக்காச்சோளம் மிகுந்த அமெரிக்க விஸ்கி) பாட்டில் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வரிசையாகக் கிளாஸில் ஊற்றி, அடுத்தடுத்துக் குடித்து, "இது ஸ்மூத், அது காட்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் ஆல்கஹால் அளவைப் பற்றியதுதான். 40% உள்ளதற்குப் பக்கத்தில் 50.5% உள்ளதை வைத்தால் ஒன்று மென்மையாகத் தெரியும், மற்றது காட்டமாகத் தெரியும். தானியம், பீப்பாய், வயது இவற்றின் வேறுபாடு அந்தக் காந்தலுக்கு அடியில் போய்விடும்.

அதனால் முதல் ஒப்பீட்டுக்கு ஏறக்குறைய ஒரே வீரியமுள்ள, அதாவது ஒரே ஆல்கஹால் சதவீதமுள்ள, மூன்று பாட்டில்களை எடுங்கள். என் பரிந்துரை:

ஈவன் வில்லியம்ஸ் பாட்டில்ட்-இன்-பாண்ட், வெள்ளை லேபிள்: 50%. தானியக் கலவை சதவீதத்தில்: மக்காச்சோளம் 78, ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) 10, முளைகட்டிய பார்லி 12.
வைல்ட் டர்க்கி 101: 50.5% (பெயரிலுள்ள எண் "ப்ரூஃப்", சதவீதத்தின் இரட்டிப்பு). அதே வரிசையில் 75, 13, 12.
ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல்: 50%. 60, 35, 5.

மூன்றும் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வடித்தவை. அரை சதவீத வேறுபாட்டை நாக்கு கண்டுபிடிக்காது. ரை 10, 13, 35 என்று ஏறுகிறது. ரை கூடினால் என்ன ஆகிறது என்பதைக் காட்ட, எளிதாகக் கிடைக்கும் பாட்டில்களில் இதைவிடத் தெளிவான வரிசை அமைப்பது கடினம். ஈஸ்ட், கிடங்கு, வயது எல்லாம் மாறத்தான் செய்யும், ஆனால் 10-க்கும் 35-க்கும் உள்ள இடைவெளி அவற்றையும் மீறித் தெரியும்.

செய்முறை:

ஒரே வடிவக் கிளாஸ் மூன்று. அடி அகன்று வாய் குறுகியது, கிளென்கெய்ர்ன் மாதிரி. அது இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். நேர்ச்சுவர் டம்ளர் வேண்டாம், மணம் மேலே சேராமல் கலைந்துவிடும். பேப்பர் கப் கூடவே கூடாது, அதற்கென்று ஒரு வாடை உண்டு.

ஒவ்வொன்றிலும் 15 மி.லி. மருந்துக்கடை சிரிஞ்சில் ஊசி இல்லாமல் உறிஞ்சினால் சரியாக வரும். சமையல் தராசு இருந்தால் 50% விஸ்கி 14 கிராம் என்பது 15 மி.லி.

ஊற்றியபின் மேலே சின்னத் தட்டு மூடி 10 நிமிடம் விடுங்கள். திறந்ததும் முதலில் எழும் நெடி போகட்டும். பிறகு மூன்றையும் முகர்ந்து குறிப்பு எழுதி முடித்தபின்தான் முதல் வாய். வாயில் பட்டுவிட்டால் மூக்கின் கூர்மை குறைந்துவிடும்.

முதல் வாய் கணக்கில் சேராது. அது நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது வாயை 5 முதல் 10 விநாடி வைத்திருந்து, மென்று விழுங்குவதுபோல் நாக்கின் எல்லாப் பக்கமும் படவிடுங்கள். ஜிம் பீம் வடிசாலையின் புக்கர் நோ என்பவர் செய்து காட்டிப் பிரபலமான "கென்டக்கி சூ" (மெல்லுதல்) என்பது இதுதான்.

ரைபிரியன்

நல்ல தொடக்கம். மூக்கைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், நிறைய பேர் தோற்பது அங்கேதான். ஒயின் மாதிரி கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் எத்தனால் நெடி மட்டும்தான் வரும், அதோடு மூக்கு கொஞ்ச நேரம் மரத்துப்போகும். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு, கிளாஸை மோவாய் உயரத்திலிருந்து மெல்ல மேலே கொண்டுவாங்க. எங்கே நெடி ஆரம்பிக்குதோ அங்கேயே நிறுத்துங்க. விளிம்பின் கீழ்ப்பக்கத்தில் முகர்ந்தால் ஒரு மாதிரி, மேல்பக்கத்தில் முகர்ந்தால் வேறு மாதிரி வரும். இரண்டையும் பாருங்க.

மூக்கு மரத்துட்டா காபிக்கொட்டை முகரத் தேவையில்லை, உங்க சட்டைக்கையை முகர்ந்தால் போதும்.

கடல்காற்று

அண்ணா, சந்தேகம். "வனிலா, கேரமல், ஓக்" என்று எல்லாக் குறிப்பிலும் ஒரே மூன்று சொல். எனக்கு அது எதுவும் தனியாகத் தெரியவில்லை. எப்படிப் பழகுவது?

கரிசல்கதிர்

கடல்காற்று, அந்தச் சொற்களை மறந்துவிடுங்கள். நம் சமையலறையில் இருப்பதை வைத்தே பிடிக்கலாம். அதற்கு முன், மணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம்.

போர்பனுக்கு அமெரிக்கச் சட்டம் சொல்வது: குறைந்தது 51% மக்காச்சோளம், வடிக்கும்போது 80%-க்கு மேல் போகக்கூடாது, உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் 62.5%-க்கு மிகாமல் நிரப்ப வேண்டும். பாட்டிலில் 40%-க்குக் குறையக்கூடாது. நிறமோ மணமோ சேர்க்கக்கூடாது. ஸ்காட்சில் கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு, இங்கே இல்லை. எனவே கிளாஸில் தெரியும் பழுப்பு முழுக்கப் பீப்பாய் கொடுத்தது.

புது ஓக் என்பதால் மரத்தின் பங்கு மிக அதிகம். ஓக்கில் உள்ள லிக்னின் சூட்டில் உடைந்து வனிலின் தருகிறது. மரத்தின் சர்க்கரைகள் கருகி, பாகு முற்றிய வாசனை தருகின்றன. ஓக் லாக்டோன் என்று ஒன்று இருக்கிறது, அதன் வாசனை அப்படியே கொப்பரை. யூஜெனால், கிராம்பிலும் இருக்கும் அதே பொருள், ஓக்கிலும் இருக்கிறது. ஈஸ்ட் தருவது பழ வாசனை. ஐசோஅமைல் அசிடேட் நன்கு பழுத்த வாழைப்பழம்.

ஆகவே மேசையில் சின்னக் கிண்ணங்களில் வையுங்கள்: ஒரு துண்டு கருப்பட்டி, உடைத்த கொப்பரை, இரண்டு கிராம்பு, வறுத்த வேர்க்கடலை, பழுத்த வாழைப்பழத் துண்டு, உலர்ந்த புதினா, மிளகு. விஸ்கியை முகர்ந்து, கிண்ணத்தை முகர்ந்து, மீண்டும் விஸ்கி. "இனிப்பா இருக்கு" என்று நின்றது "வெல்லப்பாகு இல்லை, கருப்பட்டி" என்று பிரியத் தொடங்கும். ரை அதிகமுள்ள கிளாஸில் மிளகும் புதினாவும் முன்னே வரும்.

வாய்க்கு நம்மிடம் ஒரு அருமையான சொல் இருக்கிறது: துவர்ப்பு. கடைசியில் ஈறு இழுத்துப் பிடிக்கும் உணர்வு, வாழைப்பூ, கடுக்காய் தருவது. அது பீப்பாயின் டானின். அதைக் கசப்போடு சேர்த்துவிடாதீர்கள். வயது ஏறிய போர்பனில் துவர்ப்பு ஏறும். அதற்கு ஈடாக இனிப்பும் இருந்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் கொதித்துப்போன டீ.

துளிநீர்

துவர்ப்பு நல்ல சொல். அதோடு "நெடி", "மணம்", "வாடை" மூன்றையும் குறிப்பில் பிரித்து எழுதுங்கள். நெடி என்றால் மூக்கைக் குத்துவது: ஆல்கஹால், நகப்பூச்சு நீக்கி மாதிரி. இளம் விஸ்கியில் அது சகஜம், 15 நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கும். வாடை என்றால் இருக்கக்கூடாதது: ஈரச் சாக்கு, பூஞ்சை. அது தக்கையிலிருந்தோ, அதைவிட அடிக்கடி கிளாஸிலிருந்தோ வரும். அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் மர வாடை அடைந்துகிடக்கும். ஊற்றுமுன் வெறும் கிளாஸை முகர்ந்து பாருங்கள். சோப்பு வாசனையோ வேறெதுவோ வந்தால் வெந்நீரில் அலசிக் காற்றில் உலரவிட்டு, பிறகு அதே விஸ்கி சில துளி விட்டுச் சுழற்றிக் கொட்டுங்கள்.

இனி நான் மாறுபடும் இடம். "ஒரே வீரியமுள்ள பாட்டில் எடுங்கள்" என்றால் தேர்வு மிகவும் குறுகிவிடும். மேக்கர்ஸ் மார்க் 45%, எலைஜா கிரெய்க் 47%, ஓல்ட் ஃபாரஸ்டர் 100 என்பது 50%, பேரல் ப்ரூஃப் (பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்தது) என்றால் பெரும்பாலும் 60%-ஐத் தாண்டும். தண்ணீர் சேர்த்து எல்லாவற்றையும் 45%-க்குக் கொண்டுவந்துவிடலாமே.

கணக்கு: சேர்க்க வேண்டிய தண்ணீர் = விஸ்கி அளவு × (இருக்கும் % ÷ வேண்டும் % − 1).

15 மி.லி.க்கு: 47-லிருந்து 45 என்றால் 0.7 மி.லி. 50-லிருந்து 1.7. 50.5-லிருந்து 1.8. 60-லிருந்து 5. ஆல்கஹாலும் தண்ணீரும் கலக்கும்போது கன அளவு கொஞ்சம் சுருங்கும், வீட்டு அளவில் அதைப் பொருட்படுத்த வேண்டாம். 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிவைத்தால் வேலை முடிந்தது.

உப்புக் கரிக்கும் தண்ணீர் கூடாது, குளோரின் வாசனையுள்ள குழாய்த்தண்ணீரும் கூடாது. ஆர்.ஓ. தண்ணீர் சரி. விஸ்கி இருக்கும் அதே சூட்டில் இருக்கட்டும். சேர்த்தபின் 5 நிமிடமாவது விடுங்கள்.

ரைபிரியன்

துளிநீர் சார், இதில் எனக்கு உடன்பாடில்லை. எத்தனை சதவீதத்தில் பாட்டிலில் அடைப்பது என்பது வடிப்பவர் யோசித்து எடுத்த முடிவு. வைல்ட் டர்க்கி பீப்பாய்க்குள் விடுவதே 57.5%-ல்தான், சட்டம் அனுமதிக்கும் 62.5%-ல் இல்லை. கடைசியில் தண்ணீர் கொஞ்சமா சேர்த்தால் போதும்னுதான் அந்த ஏற்பாடு. அந்த 101-ஐ 45-க்கு இறக்கிட்டு "எண்ணெய்ப்பசை இல்லை" என்று குறிப்பு எழுதினால் அது வைல்ட் டர்க்கி பற்றிய குறிப்பே இல்லை.

துளிநீர்

சரியான கேள்வி. ஆனால் நாம் எதைத் தெரிந்துகொள்ள உட்காருகிறோம் என்பதைப் பொறுத்து இருக்கிறது. "எந்தப் பாட்டிலை வாங்கலாம்" என்றால் பாட்டில் வீரியத்திலேயே பாருங்கள். "ரையும் கோதுமையும் என்ன செய்கின்றன" என்றால் சமன் செய்யாமல் விடை கிடைக்காது.

தண்ணீர் வெறுமனே நீர்க்கச் செய்வதில்லை. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017-ல் கணினி உருவகப்படுத்தலில் காட்டினார்கள்: குவாயகால் என்ற மணப்பொருள் 45% வரையில் திரவத்தின் மேற்பரப்புப் பக்கமாகவே இருக்கிறது, 59%-க்கு மேல் போனால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. குவாயகால் புகை மணம், ஸ்காட்சில்தான் அதிகம். மற்ற மணங்களுக்கும் அதே அளவில் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 60% போர்பனில் தண்ணீர் விட்டதும் மணம் திறப்பதை யாரும் கிளாஸில் பார்க்கலாம்.

கரிசல்கதிர்

இரண்டையும் செய்யலாம், வரிசைதான் முக்கியம். முதல் சுற்று 45%-ல் சமன் செய்தது. இரண்டாம் சுற்று பாட்டில் வீரியம். மாற்றிச் செய்தால் முதல் சுற்றின் காட்டத்தில் நாக்கு மரத்து, இரண்டாவதில் எல்லாமே சப்பென்று இருக்கும். சுற்றுகளுக்கு இடையே 20 நிமிடம், நிறையத் தண்ணீர், உப்பில்லாத பொரி ஒரு பிடி. சீஸ், சாக்லேட், மிக்சர் எதுவும் நடுவில் வேண்டாம்.

வீரியம் தனியாக என்ன செய்கிறது என்று பார்க்க வைல்ட் டர்க்கி 81-ஐயும் 101-ஐயும் பக்கத்தில் வைப்பார்கள். அது சரியான சோதனை ஆகாது. தானியக் கலவை ஒன்றுதான், ஆனால் உள்ளே சேரும் பீப்பாய்கள் ஒன்றல்ல. 101-ஐயே இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை 45-க்கு இறக்குங்கள். அப்போது மாறுவது வீரியம் மட்டும்தான்.

கடல்காற்று

கோதுமை போர்பன் வேறு என்கிறார்களே, அதற்கு எந்த இரண்டு பாட்டில்?

ரைபிரியன்

மேக்கர்ஸ் மார்க்கும் பஃபலோ டிரேஸும். அமெரிக்க பாட்டில் இரண்டுமே 45%, தண்ணீர்க் கணக்கே வேண்டாம். மேக்கர்ஸில் மக்காச்சோளம் 70, கோதுமை 16, முளைகட்டிய பார்லி 14, ரை கிடையாது. பஃபலோ டிரேஸ் கலவையை வெளியிடுவதில்லை, ஆனால் ரை உள்ளது, அளவு குறைவு. மேக்கர்ஸில் ஆரம்பம் இனிப்பா, நாக்கு நுனியிலேயே நிற்கும். மற்றதில் நடுவாயில் ஒரு மசாலா எட்டிப்பார்க்கும்.

ஒரே வடிசாலையில் வேணும்னா ஹெவன் ஹில்: லார்செனி 46%, கோதுமை 20. எலைஜா கிரெய்க் ஸ்மால் பேட்ச் 47%, ரை 10. ஆனா எலைஜா கிரெய்க் பொதுவா வயது கூடினது, அதனால் அங்கே தெரியும் துவர்ப்பை ரை கணக்கில் எழுதிடாதீங்க.

லேபிளில் சதவீதத்தைப் பார்த்தே ஆகணும். வுட்ஃபோர்ட் ரிசர்வ் அமெரிக்காவில் 45.2%, ஐரோப்பாவில் 43.2%. ஒரே பேர், ஒரே பாட்டில் வடிவம்.

துளிநீர்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் கெடுப்பது லேபிள். எது எந்தக் கிளாஸ் என்று தெரிந்தால் விலையும் பெயரும் மூக்குக்கு முன்னால் போய் நிற்கும்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வேறு அறையில் ஊற்றி, கிளாஸில் மூன்று இலக்க எண் ஒட்டட்டும்: 417, 862, 295 என்று. 1, 2, 3 அல்லது அ, ஆ, இ வேண்டாம். "முதல்" என்றாலே உயர்ந்தது என்ற எண்ணம் வந்துவிடும். தனியாக இருந்தால் கிளாஸின் அடியில் பெயர்ச்சீட்டு ஒட்டி, தட்டில் வைத்துக் கண்ணை மூடி இடம் மாற்றுங்கள். நிறம் காட்டிக்கொடுத்தால் வெளியே அலுமினியத் தாள் சுற்றுங்கள், மேல் விளிம்பு வரை.

இரண்டு பாட்டிலுக்கு நிஜமாகவே வேறுபாடு தெரிகிறதா என்று பார்க்க முக்கோணச் சோதனை: மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மற்றது. எது தனி என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகும். அதனால் ஒரு முறை சரியாகச் சொன்னதற்கு மதிப்பில்லை. தொடர்ந்து மூன்று முறை சரி என்றால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 27-ல் 1. ஐந்தில் நான்கோ ஐந்தோ சரி என்றால் 243-ல் 11. அப்போது நம்பலாம். எல்லாச் சுற்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள், ஒரு கிளாஸுக்கு 5 மி.லி. போதும். ஒவ்வொரு சுற்றிலும் எந்த விஸ்கி தனி என்பதையும் மாற்றுங்கள்.

முதலில் வாயில் படும் கிளாஸுக்கு எப்போதும் ஒரு பாரபட்சம் உண்டு, காட்டமாகத் தெரியும். எனவே வலமிருந்து இடம் ஒரு முறை, இடமிருந்து வலம் ஒரு முறை. 100-க்கு 87, 88 என்று மதிப்பெண் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிடித்த வரிசையில் அடுக்குங்கள், இரண்டு திசையிலும் அதே வரிசை வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

கரிசல்கதிர்

அளவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், இது மறக்கப்படுகிறது. 50%-ல் 15 மி.லி. என்பது சுமார் 6 கிராம் ஆல்கஹால். நான்கு கிளாஸ் 24 கிராம். அமெரிக்கக் கணக்கில் ஒரு "டிரிங்க்" 14 கிராம். அதாவது நான்கு கிளாஸ் முடிந்தபோது ஏறக்குறைய ஒன்றே முக்கால் டிரிங்க் உள்ளே போயிருக்கும், ஆறாவது கிளாஸில் எழுதும் குறிப்புக்கு அர்த்தம் இருக்காது. நான்குக்கு மேல் வைக்காதீர்கள். துப்பும் கிண்ணம் வையுங்கள். தொழிலாகச் செய்பவர்கள் துப்புகிறார்கள், அதில் கூச்சமே வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து உட்காருங்கள், அன்றைக்கு வண்டி எடுக்காதீர்கள்.

அறையைப் பற்றி: ஊதுபத்தி, சாம்பிராணி, மல்லிகைப்பூ, சமையலறைத் தாளிப்பு எது இருந்தாலும் ஒப்பீட்டைத் தள்ளிப்போடுங்கள். பல் துலக்கி ஒரு மணி நேரமாவது ஆகட்டும். ஊறுகாய், பூண்டு, வெற்றிலை பாக்கு அன்றைக்கு வேண்டாம்.

கடல்காற்று

சென்னையில் அறைச் சூடு 33 டிகிரி. பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? ஐஸ்?

துளிநீர்

33-ல் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி நெடியே முன்னால் நிற்கும், எனவே குளிர்விக்கத்தான் வேண்டும். ஆனால் ஃப்ரிட்ஜ் வேண்டாம், மணம் அடங்கிவிடும். குளிர்வடிகட்டல் செய்யாத பாட்டிலாக இருந்து 46%-க்குக் கீழே நீர்க்கச் செய்திருந்தால் கலங்கவும் செய்யும். கலங்கல் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, கொழுப்பமில எஸ்டர்கள் பிரிந்து நிற்பது, சூடேறினால் தெளியும். ஏ.சி. 24-ல் வைத்து, பாட்டில், கிளாஸ், தண்ணீர் மூன்றையும் இரண்டு மணி நேரம் முன்பே அந்த அறையில் வையுங்கள். ஐஸ் ஒப்பீடு முடிந்தபின்.

கடல்காற்று

ஜாக் டேனியல்ஸை இந்த வரிசையில் சேர்க்கலாமா?

ரைபிரியன்

சேர்க்கலாம், ஆனால் எதற்காக என்று தெரிந்து சேருங்க. மக்காச்சோளம் 80, பார்லி 12, ரை 8, புது ஓக் எல்லாம் போர்பன் மாதிரியேதான். பீப்பாய்க்குப் போகுமுன் சர்க்கரை மேப்பிள் கரியில் சுமார் 3 மீட்டர் ஆழம் சொட்டுச்சொட்டா இறங்குது, அதனாலும் டென்னசி மாநிலத்தில் வடிப்பதாலும் டென்னசி விஸ்கின்னு தனிப் பெயர். ஈவன் வில்லியம்ஸ் பக்கத்தில் வைத்து, இரண்டும் 40%-ல் இருக்கும்படி ஒப்பிட்டுப் பாருங்க. ஜாக்கில் வாழைப்பழம் தூக்கலா வரும்.

கடல்காற்று

நன்றி. கடைசியாக, திறந்த பாட்டில் எத்தனை நாள் அப்படியே இருக்கும்? அடுத்த மாதம் இதே மூன்றை மறுபடி ஒப்பிட நினைக்கிறேன். ஒன்றின் தக்கை வேறு பாதியில் உடைந்துவிட்டது.

கரிசல்கதிர்

முக்கால் பாட்டில் இருக்கும்வரை ஒரு மாதத்தில் பெரிதாக மாறாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் உள்ளே காற்று அதிகமாகி, சில மாதங்களில் மேல்மணம் மங்கும். அதனால் திறந்த அன்றைக்கே ஒவ்வொன்றிலும் 60 மி.லி. எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி, கூம்பு அடைப்புள்ள திருகுமூடி போட்டு, தேதி எழுதி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். சொட்டுக்குப்பி மூடி கூடாது, ஆல்கஹால் ரப்பரைத் தின்று ரப்பர் வாடை இறங்கிவிடும். அடுத்த மாத ஒப்பீட்டை அந்தக் குப்பிகளிலிருந்து செய்யுங்கள்.

உடைந்த தக்கை: உள்ளே நிற்கும் பாதியைத் திருகாணியால் மெல்ல எடுங்கள், வராவிட்டால் உள்ளே தள்ளிவிடுங்கள். வெந்நீரில் அலசி உலர்த்திய காபி வடிதாள் வழியாகச் சுத்தமான பாட்டிலுக்கு மாற்றுங்கள். தீர்ந்துபோன பழைய பாட்டில் தக்கைகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் ஒன்று பொருந்தும். விஸ்கி பாட்டில் எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும். ஒயினைப்போல் படுக்கவைத்தால் இந்த வீரியத்தில் தக்கை அரித்து உதிரும்.

துளிநீர்

வடிகட்டியதை அன்றே ஒப்பிடாதீர்கள், ஊற்றி மாற்றும்போது காற்று நிறையப் பட்டிருக்கும். மற்ற இரண்டையும் அதேபோல் வடிதாள் வழியாக ஊற்றி, மூன்றையும் ஒரு வாரம் விட்டு எடுங்கள்.